கலைந்த பிறகு விழும் அடி

1866இல் இலங்கைப் பொலிஸின் தலைமைக்கு வந்த கெம்பல், அதற்கு முன் பம்பாய் மாகாணத்தின் ரத்னகிரியில் பொலிஸ் அதிகாரியாக இருந்தவர். இந்தியா, இலங்கை ஆகிய இரு நாட்டுப் பொலிஸுக்கும் உள்ள உறவு அவ்வளவு பழையது. சட்டவிரோதக் கூட்டத்தைக் கலைந்துபோகச் சொல், போகாவிட்டால் பலம் பிரயோகி என்பதுதான் இரு நாட்டுச் சட்டமும் பொலிஸுக்குத் தரும் அதிகாரம். கலைந்து ஓடுபவரை அடிக்கும் அதிகாரம் எங்கும் தரப்படவில்லை. ஆனால் மாணவர்களின் மண்டை உடைவது பெரும்பாலும் அப்போதுதான். 2015 ஒக்டோபர் 29 அன்று, உயர் தேசிய கணக்கியல் டிப்ளோமா மாணவர்கள் தங்கள் தகைமைக்குப் பட்டத்துக்குச் சமமான அந்தஸ்துக் கேட்டுக் கொழும்பு வோர்ட் பிளேஸில் திரண்டார்கள். நீர்த்தாரை, கண்ணீர்ப்புகை, பிறகு தடியடி. சிதறி ஓடிய மாணவ மாணவியரைப் பொலிஸார் துரத்தி அடித்ததைத் தொலைக்காட்சியில் நாடே பார்த்தது. 2019 டிசம்பர் 15 அன்று டில்லி ஜாமியா மில்லியா பல்கலைக்கழகத்தில் தடி நூலகத்துக்குள்ளேயே போனது. வாசிப்பறையில் மேசைகளுக்கிடையே ஒடுங்கியவர்கள் மீது அடி விழுவது கமெராவில் பதிவானது. ஒரு மாணவர் ஒரு கண்ணின் பார்வையை இழந்தார்.

டில்லியில் அன்று பேருந்துகள் எரிந்தனவே, கல் வீசியவர்கள்தானே உள்ளே ஓடி ஒளிந்தார்கள் என்று கேட்கலாம். பேருந்துகள் எரிந்தது உண்மை. அது எரித்தவரைக் கைது செய்யக் காரணம். வாசிப்பறையில் அகப்பட்டவரையெல்லாம் அடிக்கக் காரணமல்ல. கைது செய்யப் போனவர் விலங்கை எடுப்பார், கண்டவர் முதுகில் தடியை இறக்கமாட்டார்.

கூட்டம் கூடுவதை முன்கூட்டியே தடுக்கும் கட்டளையிலும் இரு நாடுகளும் வேறுபடுகின்றன. இந்தியாவில் 144ஆம் பிரிவுத் தடையை (இப்போது 163) நிர்வாக அதிகாரியே போடுகிறார். இலங்கையில் பொலிஸார் நீதவானிடம் போய் 106ஆம் பிரிவின் கீழ் கட்டளை பெறுகிறார்கள். நீதிபதி கையெழுத்து இருப்பதால் நமது முறை மேல் என்று தோன்றும். எனக்கு அப்படித் தோன்றவில்லை. பெரும்பாலும் பொலிஸார் சொல்வதை மட்டும் கேட்டுப் பிறக்கும் அந்தக் கட்டளை, பின்னால் விழும் அடிக்கு நீதிமன்ற முத்திரையாகிவிடுகிறது. அடி விழுந்த பிறகோ இந்திய மாணவருக்கு வழி கொஞ்சம் அகலம். அவர் தன் மாநில உயர் நீதிமன்றத்துக்குப் போகலாம். நமக்கு உயர் நீதிமன்றம் என்றால் நாட்டுக்கே ஒன்றுதான். பெயர் ஒன்றுதான், ஆனால் இங்கே அது நாட்டின் அதியுயர் நீதிமன்றம். காயக்கட்டு அவிழுமுன், ஒரு மாதத்துக்குள், கொழும்பு புதுக்கடையிலுள்ள அந்த நீதிமன்றத்துக்கு மனு போய்ச் சேரவேண்டும். ஜாமியா சம்பவத்தன்றே அலிகார் பல்கலைக்கழகத்திலும் அடி விழுந்தது. அங்கு காயமடைந்த ஒரு மாணவரின் கையைத் துண்டிக்க நேர்ந்தது. 2020 பெப்ரவரியில் அலகாபாத் உயர் நீதிமன்றம் அங்கு காயமடைந்த ஆறு மாணவர்களுக்கு இழப்பீடு கொடுக்கச் சொன்னது. கமெராவில் மோட்டார் சைக்கிள்களை உடைப்பதாகத் தெரிந்த பொலிஸார் மீது நடவடிக்கை எடுக்கவும் சொன்னது. ஆனால் இழப்பீடு அரச கருவூலத்துப் பணம், அடித்தவரின் பணமல்ல. அடித்தவர் யாரென்று கண்டுபிடிப்பதும் எளிதல்ல. ஜாமியாக் காட்சியில் தடி நன்றாகத் தெரிகிறது. அதைப் பிடித்தவர்களின் தலையில் தலைக்கவசம்.