பத்து தௌ தகட்டில் ஒரு கவச வண்டி

சிராங்கூன் சாலையில் ஒரு நகைக்கடையின் பின்கட்டில் வேலை பார்த்த பத்தரிடம்தான் பித்தளையைப் பொடி வைத்து ஊதிப் பற்றவைக்கக் கற்றுக்கொண்டேன். நான் கொண்டுபோன சின்னக் கீலைச் சாமணத்தால் எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தவர், "என்ன கணக்கு தம்பி?" என்றார். அசலில் முப்பத்தைந்தில் ஒரு பங்கு என்றேன். "அசலை யாரு அளந்தா?" என்றார். போர்க்கால பிரிட்டிஷ் வண்டிகளை இருபது வருடமாக மாடல் கட்டி வருகிறேன். அவ்வளவு கூர்மையான கேள்வியை எந்தப் போட்டி நடுவரும் என்னிடம் கேட்டதில்லை. இந்தக் கலையின் மரபுகளைப் பற்றி இந்த மலருக்கு எழுதச் சொன்னபோது, அவர் கேட்டதையே அளவுகோலாக எடுத்துக்கொண்டேன்.

பெட்டியில் வரும் பாகங்களைச் சீர்செய்து ஒட்டுவது ஒரு வேலை. பெட்டியே இல்லாத வண்டியை ஸ்டைரீன் தகடு, பிளாஸ்டிக் குச்சி, பித்தளைக் கம்பி, எப்பாக்சி மாவு என்று வெறும் சரக்கிலிருந்து எழுப்புவது வேறு வேலை. அதைத்தான் ஸ்கிராட்ச் பில்டிங் என்கிறோம். ஜெர்மன் டாங்கிகளுக்குக் கடைகளில் அலமாரி அலமாரியாகப் பெட்டிகள் இருக்கின்றன. மலாயாவில் ஓடிய வண்டிகளில் யுனிவர்சல் கேரியர் போன்ற சிலவற்றுக்கும் உண்டு. ஆறு சக்கர லான்செஸ்டர் கவச வண்டியைத் தேடினால் முதல் உலகப் போரின் நாலு சக்கர லான்செஸ்டரைக் காட்டுவார்கள். பெயர் ஒன்றுதான், வண்டி வேறு.

இந்த ஆறு சக்கர வண்டி 1920களின் கடைசியிலும் 1930களின் தொடக்கத்திலுமாக மொத்தம் 39தான் செய்யப்பட்டது. நீண்ட மூக்கும் உயரமான கோபுரமும் கொண்டது. எடை ஏழு டன், உள்ளே நான்கு பேர். கோபுரத்தில் ஒரு அரை அங்குல விக்கர்ஸ் இயந்திரத் துப்பாக்கி, பக்கத்திலேயே ஒரு .303, ஓட்டுநருக்கு அருகில் இன்னொரு .303. தொடக்கத்தில் இவை 12ஆவது லான்சர்ஸ் குதிரைப்படையிடம் இருந்தன. காலம் கடந்து பழசான பிறகு இவற்றில் ஒரு பகுதி மலாயாவுக்குக் கப்பலேறி, ஆர்கைல் அண்டு சதர்லாந்து ஹைலாண்டர்ஸ் படையின் 2ஆவது பட்டாலியனிடமும் உள்ளூர்த் தொண்டர் படைகளிடமும் வந்து சேர்ந்தது. மலாயாவில் பிரிட்டிஷ் தரப்பிடம் டாங்கிகள் இல்லாத நிலையில், ஜப்பானிய டாங்கிகளுக்கு எதிரே நின்ற கவசம் இந்த மாதிரி வண்டிகள்தாம். 1942 ஜனவரி 7 அன்று ஸ்லிம் ரிவரில் ஜப்பானிய டாங்கிகள் ஊடுருவியபோது அந்தப் பட்டாலியன் சிதறிப்போனது. ஜனவரி 31 காலையில் ஆர்கைல்ஸ் படையில் எஞ்சியவர்கள் பைப் இசையோடு ஜோகூர் பாலத்தைக் கடந்து சிங்கப்பூர்த் தீவுக்குள் வந்தார்கள். இரண்டு வாரத்தில் எல்லாம் முடிந்தது. சரணாகதி கையெழுத்தானதும் ஒரு வண்டித் தொழிற்சாலையில்தான்: 1941இல் புக்கிட் தீமாவில் திறந்த ஃபோர்டு ஆலையில்.

இதைக் கட்ட முனைபவர் எந்தப் பள்ளியைப் பின்பற்றுவது? மூத்தது பிரிட்டிஷ் பள்ளி. ரயில் மாடல் கட்டியவர்களின் கணக்கிலிருந்து பிறந்தது அது. ஓர் அடிக்கு 4 மில்லிமீட்டர், அதாவது 76இல் ஒரு பங்கு. 1963இல் பிளாஸ்டிக் மாடல் கட்டுபவர்களின் ஐ.பி.எம்.எஸ். சங்கமும் 1965இல் கவச வண்டி மாடல்களுக்கென்றே மாஃப்வா சங்கமும் அங்கே தோன்றின. அந்தத் தலைமுறைக்கு விதவிதமான பெட்டிகள் கிடைக்கவில்லை. பிளாஸ்டிக் தகடும் கூரான கத்தியும் கிடைத்தன. தகட்டின் கனத்தைத் 'தௌ' என்று சொல்வார்கள், ஓர் அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு. அவர்களுடைய பெருமை முழுவதும் வரைபடத்தில் இருந்தது. அருங்காட்சியகத்தில் டேப்பைப் பிடித்து வண்டியை அளந்து, ஐந்து திசையிலும் வரைந்து, பிறகுதான் வெட்டுவார்கள். சாயம் சுமாராக இருந்தாலும் மன்னிப்பு உண்டு. சக்கரங்களின் இடைவெளி தவறினால் கிடையாது. என் மனம் இன்றும் இந்தப் பள்ளியோடுதான்.

ஜப்பானியப் பள்ளி அளவையே மாற்றியது. ஷிசுவோகாவின் தாமியா நிறுவனம் 1960களின் தொடக்கத்தில் ஒரு பாந்தர் டாங்கியைச் செய்தபோது, உள்ளே மோட்டாரும் பேட்டரியும் அடங்க வேண்டும் என்பதற்காக உடலின் அளவைத் தீர்மானித்தது. பிறகு அளந்து பார்த்தால் அது 35இல் ஒரு பங்காக இருந்தது. பேட்டரியின் பருமன் தந்த எண் உலகம் முழுவதற்கும் விதியாகிவிட்டது! ஆனால் அந்த எண் எங்களுக்கு ஒரு வரத்தையும் தந்தது. லான்செஸ்டரின் கவசத் தகடு 9 மில்லிமீட்டர். முப்பத்தைந்தால் வகுத்தால் 0.257. பத்து தௌ தகட்டின் கனம் 0.254. கதவின் விளிம்பு, பார்வைத் துளையின் மூடி, கோபுரத்தின் உதடு எல்லாவற்றையும் பத்து தௌ தகட்டில் வெட்டினால் உண்மையான கனம் தானாக வந்துவிடும். பெட்டி மாடல்களில் கதவு ரொட்டித்துண்டு போலத் தடித்திருப்பதைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு இது பெரிய விருந்து.

அதற்குப் பின் காட்சிப் பள்ளி வந்தது. அமெரிக்காவில் ஷெப் பெயின், பெல்ஜியத்தில் ஃபிரான்சுவா வெர்லிண்டன். வண்டி ஒரு கதையின் பாத்திரமாயிற்று. சுவர், மரம், மனிதர் எல்லாம் உடன் வந்தார்கள். ஸ்பெயின்காரர்கள் சாயத்தையே ஒரு கலையாக்கினார்கள். ஒவ்வொரு தகட்டிலும் ஒளியும் நிழலும் தீட்டினார்கள். அழகை மறுக்கவில்லை. ஆனால் ஐரோப்பியச் சேற்றையும் பழுப்புப் புழுதியையும் அப்படியே தூக்கி வந்து மலாயா வண்டியின் மேல் அப்பும்போது எனக்குப் பொறுக்காது. நம் மண் லேட்டரைட் செம்மண். மழை பெய்தால் குங்குமக் கரைசலாக ஓடும், காய்ந்தால் துருவின் நிறத்தில் படியும். இன்னொன்று: மலாயாவின் பெருஞ்சாலை தார் போட்ட நல்ல சாலை, ஜப்பானியர் சைக்கிளில் பறந்து வந்ததே அதனால்தான். ரப்பர்த் தோட்டத்துக்குள் திரும்பிய வண்டிக்குத்தான் செம்மண். சாலையோடு நின்ற வண்டிக்குத் தாரின் கரியும் மழைக் கோடுகளும் போதும்.

அருங்காட்சியகத்துக்குப் போய் டேப் பிடிக்க வழியில்லாதவர்களுக்குப் புகைப்படமே அசல். 1941இல் ஆர்கைல்ஸ் மலாயாவில் பயிற்சி செய்தபோது எடுத்த படங்கள் லண்டன் இம்பீரியல் போர் அருங்காட்சியகத் தொகுப்பில் இருக்கின்றன. அவற்றில் அளவு எடுப்பது ஒரு பொறுமை வேலை. வண்டியை ஒட்டி நிற்கும் சிப்பாயின் கையில் உள்ள லீ-என்ஃபீல்டு துப்பாக்கி 1132 மில்லிமீட்டர். அதுதான் நம் முழக்கோல். துப்பாக்கியும் அளக்கும் தகடும் காமிராவிலிருந்து ஒரே தூரத்தில் இருக்க வேண்டும். சிப்பாய் இரண்டடி முன்னால் வந்து நின்றால் துப்பாக்கி படத்தில் நீண்டுவிடும், வண்டி குறுகிவிடும். தெரிந்த மொத்த நீளமான 6.1 மீட்டரோடு ஒவ்வொரு கணக்கையும் ஒத்துப் பார்க்க வேண்டும். மாடலில் அது 174 மில்லிமீட்டர், ஒரு சாண் கூட இல்லை. வீரமாகாளியம்மன் கோயில் கோபுரத்தைக் கடக்கும்போதெல்லாம் ஸ்தபதிகளை நினைப்பேன். அவர்களுக்கும் கணக்கு உண்டு. உத்தம தசதாலம் என்றால் உருவத்தின் உயரம் 124 அங்குலப் பிரிவு. ஆனால் அவர்கள் சாஸ்திரத்துக்குப் பதில் சொல்கிறார்கள். நாங்கள் ஒருகாலத்தில் பெட்ரோல் குடித்து, ஆட்களை ஏற்றிக்கொண்டு ஓடிய இரும்புக்குப் பதில் சொல்ல வேண்டும்.

சிங்கப்பூருக்கென்று ஒரு பள்ளி உண்டா என்று இளையவர்கள் கேட்கிறார்கள். உண்டு என்றுதான் சொல்வேன், கைச்சரக்கில் அது தெரிகிறது. சிம் லிம் டவரில் வாங்கிய மெல்லிய செப்புக் கம்பி, பிராஸ் பசாவின் கலைப்பொருள் கடைத் தகடு, 2017இல் மூடப்படும்வரை சுங்கை ரோடு சந்தையில் தரையில் கிடந்த பழைய கடிகாரப் பற்சக்கரங்கள், இவையெல்லாம் எங்கள் வண்டிகளுக்குள் இருக்கின்றன. ரிவெட் தலைகளைப் பத்தரின் குழிக்கட்டையில் தட்டி எடுக்கிறோம். ஈரக்காற்று மரத்தையும் அட்டையையும் முறுக்கிவிடும் என்பதால் அடிச்சட்டத்துக்கு ஸ்டைரீன்தான். பித்தளையைப் பற்றவைத்த அன்றே கழுவிப் பூச்சு கொடுக்காவிட்டால் பச்சை பூத்துவிடும். வீடமைப்பு வளர்ச்சிக் கழக (வீவக) அடுக்குமாடி வீட்டில் சாயம் தெளிப்பதற்கு அண்டைவீட்டாரின் பொறுமையும் ஒரு கருவி.

இப்போது முப்பரிமாண அச்சு வந்திருக்கிறது. இதைச் சேர்க்கலாமா என்று நடுவர்கள் முட்டிமோதுகிறார்கள். எனக்குக் குழப்பமில்லை. படத்திலிருந்து அளந்து, கணினியில் தானே கோடு போட்டு அச்செடுத்தவர் ஸ்கிராட்ச் பில்டர்தான். அவர் கத்தியின் இடத்தில் வேறொரு கருவியை வைத்திருக்கிறார், அவ்வளவே. யாரோ வரைந்த கோப்பை இறக்கி அச்சடித்தவர் பெட்டி மாடல் கட்டியவர். பத்தரின் கேள்விக்குப் பதில் முதல்வரிடம் இருக்கும், இரண்டாமவரிடம் இருக்காது.

நம்மவர்கள் இன்னும் தொடாத வண்டிகள் நிறைய இருக்கின்றன என்பதே என் ஆதங்கம். 1942 ஜனவரி இறுதியில் இந்தியாவிலிருந்து இங்கே வந்து இறங்கிய பழைய விக்கர்ஸ் இலகு டாங்கிகள். 3ஆவது இந்தியக் குதிரைப்படை ஓட்டிய தென்னாப்பிரிக்க மார்மன்-ஹெரிங்டன் கவச வண்டிகள். மெட்ராஸ் சாப்பர்ஸ் பொறியாளர் படையின் கம்பெனிகளைச் சுமந்து போன லாரிகள். அவற்றில் தமிழ் பேசியவர்கள் உட்கார்ந்திருந்தார்கள். மலாயாவைத் தாண்டிப் பார்த்தால், இந்தியாவில் 4,655 வரை கட்டப்பட்ட, 'டாட்டாநகர்' என்று பேர் வாங்கிய சக்கரக் கேரியர் இருக்கிறது. கனடா ஃபோர்டு அடிச்சட்டத்தின்மேல் டாட்டாவின் எஃகு. அகமதுநகர் குதிரைப்படை டாங்கி அருங்காட்சியகம் ஒரு விமானப் பயணத் தூரத்தில்தான் இருக்கிறது. டேப்போடு போய் வர இளையவர் இருவர் முன்வந்தால் பயணச்செலவில் பாதி என்னுடையது.

ஒரு வழக்கத்தை மட்டும் இங்கே நிலைநிறுத்த விரும்புகிறேன். மாடலுக்குப் பக்கத்தில் ஒரு நோட்டுப் புத்தகம் இருக்கட்டும். ஒவ்வொரு பாகத்துக்கும் எதிரே அந்த அளவு எங்கிருந்து வந்தது என்று ஒரு வரி: அளந்தது, படத்தில் கணக்கிட்டது, ஊகித்தது. முடித்த வண்டியைச் சாயம் பூசாமல் ஒருமுறையாவது காட்சிக்கு வைக்க வேண்டும். வெள்ளைத் தகடும் மஞ்சள் பித்தளையும் சாம்பல் மாவும் அப்படியே தெரியட்டும். வேலையைப் பார்க்கத் தெரிந்தவர்கள் அங்கேதான் குனிந்து பார்ப்பார்கள். என் லான்செஸ்டர் இந்த மலர் வெளிவரும் நாளில் அந்தக் கோலத்தில்தான் மேசைமேல் நிற்கும். பத்தர் பிடித்துப் பார்த்த கீல் அதன் பின்கதவில் இருக்கிறது. நோட்டில் அதற்கு நேரே எழுதியிருப்பது: "நிழலை வைத்துக் கணித்தது. அளந்தவர் இல்லை."