அளவு யார் கையில்?

'அளவாகக் குடித்தால் என்ன தப்பு?' இலக்கியக் கூட்டம் முடிந்த இரவுகளில், கையில் டம்ளரோடு நானும் இதைக் கேட்டிருக்கிறேன். நம்மை நாமே விசாரித்துக்கொள்ளாமல் இந்தக் கேள்விக்குப் பதில் இல்லை.

மதுவிலக்கு பேசும் ஒழுக்கவாதிகளுக்கு வள்ளுவரின் கள்ளுண்ணாமை அதிகாரம் இருக்கிறது. எதிர்த்தரப்பாகிய நமக்கு அவ்வை. அதியமான் இறந்தபோது அவர் பாடியதாக வரும் புறநானூற்றுப் பாட்டில் (235), கள் கொஞ்சமாகக் கிடைத்தால் அதியமான் பாடுபவர்களுக்கே கொடுத்துவிடுகிறான். நிறையக் கிடைத்தால் அவர்கள் பாட, தானும் மகிழ்ந்து குடிக்கிறான். அங்கே 'அளவு' என்பது பங்கீடு.

நம்முடைய அளவு எது? குவார்ட்டர். 180 மி.லி., அதில் 42.8 சதவீதம் ஆல்கஹால். கணக்குப் போட்டால் சுமார் 60 கிராம். 10 கிராமை ஓர் அலகாகக் கொண்டால் ஆறு அலகு. 'ஒரு குவார்ட்டர்தானே தோழர்' என்கிறபோது அளவை நிர்ணயிப்பது நாமல்ல. 2003 முதல் சில்லறை விற்பனையையும் தன் கையில் எடுத்துக்கொண்ட அரசின் டாஸ்மாக். உடம்புக்குப் பாதுகாப்பான அளவென்று எதுவுமில்லை என உலக சுகாதார நிறுவனம் 2023 ஜனவரியில் சொல்லிவிட்டது. கொஞ்சம் குடித்தால் இதயத்துக்கு நல்லது என்ற பழைய ஆய்வுகள் பலவற்றில், நோய் வந்து குடியை நிறுத்தியவர்களும் 'குடிக்காதவர்' கணக்கில் சேர்ந்திருந்தார்கள்.

மிஞ்சுவது சமூகப் பயன். அதை நான் மறுக்கமாட்டேன். கூட்டத்தில் வாயே திறக்காத நண்பன் ரெண்டு ரவுண்டுக்கு அப்புறம் தன் சாதியைப் பற்றி, பட்ட அவமானத்தைப் பற்றிப் பேசினான். மூத்த விமர்சகரை 'யோவ்' என்று கூப்பிட்டான். அந்த ஜனநாயகம் பொய்யில்லை. ஆனால் விடிந்ததும் அவருக்கு மறுபடி 'சார்' போட்டான்.

இன்னொன்று. அந்த வட்டத்தில் பெண் ஒருத்திகூட இல்லை. கடைசி பஸ்ஸைப் பிடிக்க அவர்கள் எழுந்துபோன பிறகுதான், அடுத்த இதழில் யார் எழுதுவது என்று நாங்கள் முடிவு செய்தோம். அவ்வையை மேற்கோள் காட்டுகிற நாம், அவர் உட்கார இடம் வைக்கவில்லை. வீட்டில் நமக்காக விழித்திருந்தவர்களின் இரவு எந்தக் கணக்கிலும் வரவில்லை.

குடியை விடுங்கள் என்று சொல்ல வரவில்லை. ஆனால் ராத்திரி 'யோவ்' என்று சொன்னதைப் பகலில், டீக்கடையில், பெண்களும் கூட இருக்கும்போது சொல்ல முடியவில்லை என்றால், நம் கலகத்துக்கு அரசாங்கக் கடைதான் லைசென்ஸ் கொடுத்துக்கொண்டிருக்கிறது.