தேசிய இலக்கியமும் நாடற்ற மாந்தரும்

1954இல் தோன்றிய இலங்கை முற்போக்கு எழுத்தாளர் சங்கம் இடதுசாரிச் சிந்தனையிற் காலூன்றியது. எனினும் அது தேர்தற் களத்தில் நின்ற கட்சியன்று. க. கைலாசபதி, கா. சிவத்தம்பி ஆகியோர் வலுவூட்டிய ‘தேசிய இலக்கியம்’ என்னும் அதன் கோட்பாடு, உழைப்போர் வாழ்வையும் பேச்சுமொழியையும் இலக்கியத்துக்கு உரியனவாக்கியது. இப்பணி மறக்கற்பாலதன்று.

ஆயின், ‘தேசியம்’ என்ற சொல் யாரை உள்ளடக்கிற்று? இவ்வினாவை மாத்தளையில் வைத்து எழுப்புதல் பொருந்தும். பத்தொன்பதாம் நூற்றாண்டில் மன்னார்க் கரையிலிறங்கித் தம்புள்ளை வழியே நடந்துவந்த கோப்பித் தோட்டத் தொழிலாளர் மலைநாட்டினுட் புகுந்த வாயில் அது. அவர்தம் வழித்தோன்றல்களுட் பெரும்பாலோர் 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தால் நாடற்றோராயினர். 1949இல் வாக்குரிமையும் போயிற்று. 1964ஆம் ஆண்டின் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் எனப் பங்கிட்டது.

வாக்கற்றோரைக் கட்சிகள் மறந்தமைக்குக் காரணம் கூறலாம். வாக்கை நாடாத சங்கத்துக்கு அக்காரணம் இல்லை. மண்வாசனை பேசிய கோட்பாடு, மண்ணே மறுக்கப்பட்டவனின் நிலையைத் தனி வினாவாக ஆராய்ந்திருத்தல் வேண்டும். அதன் நோக்கில் மலையகம் பல பிரதேசங்களுள் ஒன்றாகவே அமைந்தது.

மாத்தளை சோமு, மாத்தளை வடிவேலன், மலரன்பன் ஆகிய மூவரின் சிறுகதைகள் 1980இல் ‘தோட்டக் காட்டினிலே’ என ஒரே தொகுதியாக வெளிவந்தன. இத்தகைய எழுத்தைப் பிரதேச மணத்துக்காக மட்டும் பாராட்டுதல் போதாது. ‘தேசியம்’ என்ற அளவுகோலையே அது சோதிக்கின்றதெனக் கொள்ளல் வேண்டும். 2003ஆம் ஆண்டுச் சட்டம் நாடற்ற நிலைக்கு முடிவு கண்டது. கோட்பாட்டில் நேர்ந்த இடைவெளியை நிரப்புதல் திறனாய்வின் கடனாகும்.