வளைந்து கொடுக்கும் கரம், வெளியே தெரியாத பிழை

ஜொகூரையும் சிங்கப்பூரையும் இணைக்கும் துவாஸ் இரண்டாவது பாலம் 1998-இல் திறக்கப்பட்டது. அடுத்த ஆண்டே தஞ்சோங் பெலெப்பாஸ் துறைமுகம் இயங்கத் தொடங்கியது. அன்று முதல் ஜொகூரின் கெலாங் பாத்தாவைச் சுற்றிக் கிடங்குகளும் தொழிற்சாலைகளும் பெருகிவருகின்றன. 2025 ஜனவரியில் ஜொகூர்–சிங்கப்பூர் சிறப்புப் பொருளாதார மண்டல ஒப்பந்தமும் கையெழுத்தாகிவிட்டது. ஆனால் உழைக்கக்கூடியவர்களில் பலர் நல்ல சம்பளத்துக்காக அதே பாலத்தைத் தாண்டிப் போகிறார்கள். சர்வதேச ரோபோ கூட்டமைப்பின் கணக்குப்படி 2023-இல் சிங்கப்பூர்த் தொழிற்சாலைகளில் 10,000 தொழிலாளருக்கு 770 ரோபோக்கள். உலகச் சராசரி 162. ஆள் பற்றாக்குறை உள்ள ஊரில், மூட்டை இறக்க ஒரு ரோபோ கரம் வாங்கினால் என்ன என்ற கேள்வி எழத்தான் செய்யும்.

கரம் சொன்ன இடத்துக்குச் சரியாகப் போகும். எத்தனை முறை போனாலும் பிழை பொதுவாக ஒரு மில்லிமீட்டருக்குள்ளேயே இருக்கும். மூட்டைதான் சொன்ன இடத்தில் இருப்பதில்லை. உள்ளே மாவு ஒரு பக்கம் ஒதுங்கியிருக்கும். கடலில் ஆடி வந்த அடுக்கு சாய்ந்திருக்கும். பேலட்டின் பலகை ஒன்று உடைந்திருக்கும். மூட்டைக்கு ஒரு சென்டிமீட்டர் அமுங்கினாலே பத்து அடுக்குக்குப் பத்து சென்டிமீட்டர் வித்தியாசம் வந்துவிடும். மேற்பரப்பு எதிர்பார்த்ததைவிட உயரமாக இருந்தால் கரம் மூட்டையைக் குத்தும், அல்லது மோதல் எச்சரிக்கை காட்டி நின்றுவிடும். தாழ்வாக இருந்தால் வெறும் காற்றை உறிஞ்சிவிட்டுத் திரும்பும்.

விறைப்பான இயந்திரத்துக்கு நெகிழ்வு தரும் முயற்சி பழையதுதான். துளைக்குள் தண்டைச் செருகும்போது தானே இணங்கி வழிவிடும் மணிக்கட்டு ஒன்றை 1970களில் அமெரிக்காவின் டிரேப்பர் ஆய்வுக்கூடம் உருவாக்கியது. 1978-இல் ஜப்பானின் யமனாஷி பல்கலைக்கழகத்தில் ஹிரோஷி மக்கினோ ஸ்காரா கரத்தை வடிவமைத்தார். அது பக்கவாட்டில் சற்றே இணங்கும். மேலும் கீழும் விறைப்பாக நிற்கும். பாகங்களைப் பொருத்தும் வேலைக்கு அது அருமையான யோசனை. சாய்ந்த அடுக்கிலிருந்து மூட்டை எடுப்பதற்கோ இதற்கு நேர்மாறானது வேண்டும்: மேலும் கீழும் இணங்க வேண்டும், பக்கவாட்டில் ஆடக் கூடாது. கரத்தின் நுனியில் பொருளைப் பிடிக்கும் கிரிப்பர் நெகிழ்வாக வேண்டும் என்று கேட்டு வாங்குகிறவர்கள், எந்தத் திசையில் நெகிழ வேண்டும் என்பதையும் சேர்த்துக் கேட்க வேண்டும்.

நடைமுறையில் அதிகம் கைகொடுப்பது ஸ்பிரிங் தண்டும், அதன் நுனியில் மடிப்பு மடிப்பாக இருக்கும் ரப்பர் உறிஞ்சு கிண்ணமும்தான். இந்த ஏற்பாட்டின் மீது எனக்குப் பெரிய மரியாதை உண்டு. கேமரா வேண்டாம், கணக்குப் போடும் மென்பொருள் வேண்டாம். மேடு இருந்தால் ஸ்பிரிங் உள்வாங்கும், சரிவு இருந்தால் ரப்பர் மடிப்பு சாய்ந்து ஒட்டும். பழுதானால் பத்து நிமிடத்தில் மாற்றிவிடலாம்.

குறைகளும் உண்டு. ஒரு மில்லிமீட்டருக்கு ஒரு நியூட்டன் எதிர்க்கும் ஸ்பிரிங்கை 30 மில்லிமீட்டர் அமுக்கினால், எட்டுக் கிண்ணம் உள்ள ஒரு கிரிப்பரில் எல்லாம் சேர்ந்து 240 நியூட்டன், அதாவது சுமார் 24 கிலோ பாரம், மூட்டையின் மேல் இறங்கும். மெல்லிய பையானால் தையல் விடும். தூக்கிய பிறகு ரப்பர் மடிப்பு ஊசலாடும். அது அடங்கும் வரை கரம் மெதுவாகத்தான் திரும்ப முடியும்.

இவையெல்லாம் கண்ணுக்குத் தெரிகிற குறைகள். எனக்குக் கவலை தருவது கண்ணுக்குத் தெரியாத ஒன்று. ஐந்து சென்டிமீட்டர் விட்டமுள்ள கிண்ணம், 60 விழுக்காடு வெற்றிடத்தில், கணக்குப்படி 12 கிலோ வரை பிடிக்கும். எட்டுக் கிண்ணத்துக்கு 96 கிலோ. 25 கிலோ மூட்டைக்கு இது தாராளம். சுருக்கத்தின் மேல் உட்கார்ந்து காற்று கசியும் கிண்ணத்தைத் தானாக மூடிவிட, ஒவ்வொன்றிலும் சிறிய வால்வு வைப்பது வழக்கம். நான்கு கிண்ணம் அப்படி மூடிக்கொண்டாலும் மூட்டை எழும். வெற்றிட மானியின் முள்ளும் பெரிதாக அசையாது, ஏனென்றால் கசிவைத்தான் வால்வு அடைத்துவிட்டதே. பிடிமானம் பாதியாகிவிட்டது என்பது யாருக்கும் தெரியாது. கரம் வேகமாகத் திரும்பும்போது இன்னும் இரண்டு விட்டுப்போனால் மூட்டை கன்வேயரின் மேலோ தரையிலோ விழும். அப்போது குற்றம் கரத்தின் வேகத்தின் மேல் போடப்படும்.

மூட்டை இறக்கும் தொழிலாளியும் மேடுபள்ளத்துக்குத் தக்கபடி கையை மாற்றிக்கொள்கிறவர்தான். ஆனால் அவர் சும்மா இருக்கமாட்டார். "இந்தக் கம்பெனி பேலட் எப்பவும் கோணலாத்தான் வருது" என்று சூப்பர்வைசரிடம் சொல்லிவிடுவார். அடுத்த லோடு வருமுன் ஒரு போன் போகும். ஸ்பிரிங் கோணலைச் சகித்துக்கொள்ளும், சொல்லாது. எவ்வளவு நன்றாகச் சகிக்கிறதோ, அவ்வளவு நாள் மோசமான அடுக்கு திருத்தப்படாமல் வந்துகொண்டேயிருக்கும்.

மணிக்கட்டில் விசை சென்சார் பொருத்தி, தொட்டதும் நிற்கும்படி செய்யலாம். தொடும்போது விசைக்கும் அசைவுக்கும் உள்ள உறவைக் கட்டுப்படுத்தும் கோட்பாட்டை ஆய்வாளர் நெவில் ஹோகன் 1985-லேயே விரிவாக எழுதிவிட்டார். அது அளந்து சொல்லும் என்பது பெரிய நன்மை. ஆனால் கிரிப்பரின் சொந்த எடையையும் வேக மாற்றத்தையும் கழித்துப் பார்க்க வேண்டும், தொடுமுன் வேகத்தைக் குறைக்க வேண்டும். நாள் முழுக்க மூட்டை இறக்கும் வேலையில் ஒவ்வொரு நொடியும் சேர்ந்து மணிக்கணக்காகிவிடும். முப்பரிமாணக் கேமராவோ பளபளக்கும் பிளாஸ்டிக் உறையிலும் மாவுத் தூசியிலும் தடுமாறும்.

ஆகவே என் வாக்கு ஸ்பிரிங்குக்குத்தான், ஆனால் இரண்டு திருத்தங்களோடு. தண்டு எவ்வளவு உள்வாங்கியது என்று சொல்ல ஒவ்வொன்றிலும் மலிவான நிலைச் சென்சார் ஒன்று வேண்டும். எட்டுக் கிண்ணத்துக்கும் ஒரே மானி போதாது. வால்வுக்குக் கீழே, கிண்ணத்துப் பக்கமாக, தனித்தனி அழுத்தச் சென்சார் வேண்டும். ஐந்துக்கும் குறைவானவை பிடித்திருந்தால் கரம் தன் வேகத்தைப் பாதியாக்கிக்கொள்ளட்டும். அந்த எண்களை லோடு வாரியாகப் பதிந்துவைத்தால், எந்த சப்ளையரின் அடுக்கு எந்தப் பக்கம் சாய்கிறது என்று ஒரு மாதத்தில் தெரிந்துவிடும். பேசுவதற்குக் கையில் ஆதாரமும் இருக்கும்.

வாங்குகிறவர்களிடம் கேட்டுக்கொள்வது இதுதான். ஏற்புச் சோதனைக்கு விற்பனையாளர் கொண்டுவரும் சீரான பெட்டிகளை ஒப்புக்கொள்ளாதீர்கள். உங்கள் கிடங்கிலேயே மிக மோசமாகச் சாய்ந்த பேலட்டை, ஓரம் கிழிந்த மூட்டையோடு, அப்படியே முன்னால் வையுங்கள். இரண்டு கிண்ணங்களின் குழாயை வேண்டுமென்றே கழற்றிவிட்டு, கரம் அதைக் கண்டுபிடிக்கிறதா என்று பார்த்த பிறகே கையெழுத்துப் போடுங்கள்.