பெருக்கலும் வகுத்தலும்: பர்பேங்க் விமானச் சத்த வழக்கு பற்றி ஒரு குறிப்பு

கொஞ்ச நாளா அமெரிக்க விமான நிலையங்களின் சத்தக் கட்டுப்பாடுகள் தொடர்பான தீர்ப்புகளைப் படிச்சுட்டு இருக்கேன். அதுல ஒரு சின்னத் தகவல் மனசுல ஒட்டிக்கிட்டது. 1970-ல் கலிஃபோர்னியாவின் பர்பேங்க் நகர மன்றம் ஒரு சட்டம் போட்டது. ஹாலிவுட்-பர்பேங்க் விமான நிலையத்திலிருந்து இரவு 11 மணி முதல் காலை 7 மணி வரை ஜெட் விமானங்கள் கிளம்பக் கூடாது என்பதுதான் அது. அந்தத் தடையில் மாட்டிய, அட்டவணைப்படி ஓடும் விமானம் எத்தனை தெரியுமா? ஒண்ணே ஒண்ணு. ஓக்லண்டிலிருந்து வந்து, ஞாயிறு இரவு 11.30-க்கு பர்பேங்கிலிருந்து சான் டியாகோவுக்குக் கிளம்பும் பசிபிக் சவுத்வெஸ்ட் ஏர்லைன்ஸ் விமானம். அதுவும் வாரத்துக்கு ஒரே தடவை.

அப்போது அந்த நிலையம் லாக்ஹீட் நிறுவனத்தின் சொத்து. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போச்சு. 1973 மே மாதம், ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் நகரம் தோற்றது. 1958-இன் விமானப் போக்குவரத்துச் சட்டமும் 1972-இன் சத்தக் கட்டுப்பாட்டுச் சட்டமும் இந்த விஷயத்தை முழுசாக மத்திய அரசு கையில் கொடுத்துவிட்டன, நகரத்துக்கு இதில் இடமில்லை என்றார்கள்.

பொதுவா இந்தத் தீர்ப்பை 'மத்திய அரசு எதிர் உள்ளூர்' என்ற சண்டையாகத்தான் விளக்குவாங்க. அது தப்பில்லை. ஆனால் எனக்கு அதைவிட முக்கியமா படுவது, இரண்டு தரப்பின் கஷ்டத்தையும் அளந்த விதம். தடையால் வரும் கஷ்டத்தைப் பெருக்கிப் பார்த்தாங்க. சத்தத்தால் வரும் கஷ்டத்தை, அன்றைக்கும் இன்றைக்கும், வகுத்துப் பார்க்கிறாங்க. ஐம்பது வருஷத்துக்கும் மேலா இந்தக் கணக்கு மாறவே இல்லை என்பதுதான் என் விமர்சனம்.

பெருக்கல்

தீர்ப்பின் வாதம் எளிமையானது. ஒரு நகரம் இரவுத் தடை போட்டா, எல்லா நகரமும் போடலாம். அப்போ விமானங்கள் எல்லாம் தடை தொடங்கும் நேரத்துக்கு முன்னாடி நெரிசலாகக் கிளம்பும். வான்வெளியை நிர்வகிக்க முடியாது. சத்தமும் அந்த நேரத்தில் கூடத்தான் செய்யும்.

இதை ஒரேயடியாகத் தள்ளிவிட முடியாது. விமானம் ஓர் ஊரில் ஏறி இன்னோர் ஊரில் இறங்கணும். ஒவ்வொரு ஊரும் தன் இஷ்டத்துக்கு மணி குறிச்சா, பெரிய நாட்டில் கிழக்கிலிருந்து மேற்கே போகும் விமானத்துக்கு அட்டவணையே போட முடியாமல் போகலாம். ஆனா கவனிங்க, இங்கே நீதிமன்றம் எடை போட்டது ஞாயிறு இரவு 11.30 விமானத்தை அல்ல. அந்த ஒன்றை நாட்டில் உள்ள எல்லா நகரங்களாலும் பெருக்கி வந்த ஒரு கற்பனைத் தொகையை. எதிர்ப்புத் தீர்ப்பு எழுதிய நீதிபதி ரென்குவிஸ்ட் உள்பட நான்கு பேர் இதை ஏற்கவில்லை. மக்களின் நலத்தைக் காக்கும் மாநில, உள்ளூர் அதிகாரத்தைப் பறிக்கும் எண்ணம் காங்கிரஸுக்கு இருந்தது என்பதற்குத் தெளிவான ஆதாரம் வேண்டும் என்பது அவர்கள் நிலை.

வகுத்தல்

இப்போ மறுபக்கம். அமெரிக்காவில் விமானச் சத்தத்தை அளக்க எஃப்.ஏ.ஏ. எனப்படும் மத்திய விமானப் போக்குவரத்து நிர்வாகம் பயன்படுத்துவது 'பகல்-இரவு சராசரி'. ஒரு நாள் முழுக்க வரும் சத்த ஆற்றலைக் கூட்டி 24 மணி நேரத்துக்குப் பரப்பிவிடுவாங்க. இரவு 10 முதல் காலை 7 வரை வரும் விமானத்துக்கு 10 டெசிபல் கூடுதலாகப் போடுவாங்க, அதாவது ஓர் இரவு விமானம் பத்துப் பகல் விமானத்துக்குச் சமம். கலிஃபோர்னியா மாநிலம் தன் அளவையில் மாலை நேரத்துக்கும் கொஞ்சம் கூடுதல் சேர்க்குது. எப்படி இருந்தாலும் எல்லைக்கோடு 65 டெசிபல். அதற்கு உள்ளே இருக்கும் வீடு 'பாதிக்கப்பட்டது', வெளியே இருப்பது இல்லை.

கேட்க நியாயமாத்தான் இருக்கு. நானும் ஒரு தாளை எடுத்துக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஒரு விமானம் தலைக்கு மேலே போகும்போது வரும் மொத்தச் சத்தத்தையும் ஒரே வினாடியில் அடைத்தால் 90 டெசிபல் என்று வைப்போம். ஜன்னல் திறந்து படுத்திருப்பவரை எழுப்ப அது போதும். ஒரு நாளுக்கு 86,400 வினாடி. அந்த 90-ஐ நாள் முழுக்கப் பரப்பினால் 49.4 டெசிபல் கழியும். இரவுக்கான 10-ஐச் சேர்த்தாலும் கிடைப்பது 50.6 தான். ஓர் இரவில் அப்படிப் பத்து விமானம் போனால் 60.6. எல்லைக்கோட்டைத் தொட ஓர் இரவில் 28 விமானம் வேணும்!

பகல் விமானங்களைச் சேர்த்தால் எண் கூடும், சரிதான். ஆனால் என் கேள்வி அது இல்லை. பகலில் அமைதியாகவும் இரவில் பத்து முறை தூக்கம் கலைந்தும் வாழும் ஒரு வீடு, இந்தக் கணக்கின்படி பாதிக்கப்படாத வீடு. தூக்கம் கலைவதை 24 மணி நேரத்துக்குப் பரப்ப முடியாது. ராத்திரி ரெண்டு மணிக்கு முழிச்சவருக்கு அன்றைய பகலில் எத்தனை மணி நேரம் அமைதியா இருந்துச்சு என்பதில் என்ன ஆறுதல்?

உலக சுகாதார நிறுவனம் 2009-ல் ஐரோப்பாவுக்கு வெளியிட்ட இரவுச் சத்த வழிகாட்டி, இரவை மட்டும் தனியாக எடுத்து 40 டெசிபல் என்று வைத்தது. 2018-இன் வழிகாட்டியிலும் விமானத்துக்கு இரவு அளவு அதே 40 தான். இது எஃப்.ஏ.ஏ. அளவோடு நேருக்கு நேர் ஒப்பிடக்கூடியது அல்ல, இரண்டும் வேறு வேறு அளவுகோல். ஆனா இரவைத் தனியாக அளக்கணும் என்ற எண்ணமே முக்கியம். எஃப்.ஏ.ஏ. தானே இருபது விமான நிலையங்களைச் சுற்றி எடுத்து 2021-ல் வெளியிட்ட ஆய்வில், 65 டெசிபலில் வசிப்பவர்களில் சுமார் மூன்றில் இரண்டு பங்கினர் கடுமையான தொல்லை என்று சொல்லியிருந்தாங்க. 1970-களில் வகுத்த பழைய கோட்டின்படி அது எட்டில் ஒரு பங்கு அளவுக்குத்தான் இருந்திருக்கணும்.

ஒரே நீதிபதி, மூன்று தீர்ப்புகள்

இந்தக் கதையில் ஒரு வேடிக்கை இருக்கு. விமானச் சத்தம் பற்றிய மூன்று முக்கியத் தீர்ப்புகளில் பெரும்பான்மை சார்பாக எழுதியவர் ஒரே ஆள், நீதிபதி வில்லியம் ஓ. டக்ளஸ்.

1946-ல் காஸ்பி வழக்கு. வட கரோலைனாவில் ஒரு கோழிப் பண்ணைக்காரர். வீட்டுக் கூரைக்கு 67 அடி உயரத்தில் ராணுவ விமானங்கள் போயின. மிரண்டு சுவரில் முட்டியே சுமார் 150 கோழிகள் செத்துப்போக, தொழிலையே விட்டுவிட்டார். இப்படிப் பறப்பது நிலத்தை எடுத்துக்கொள்வதற்குச் சமம், அரசு இழப்பீடு தரணும் என்றார் டக்ளஸ். 1962-ல் கிரிக்ஸ் வழக்கு, பிட்ஸ்பர்க் நிலையத்துப் பக்கத்தில் ஒரு வீடு. இழப்பீடு தரவேண்டியது யார்? பாதையை அனுமதித்த மத்திய அரசா, நிலையத்தை நடத்தும் மாவட்டமா? மாவட்டம்தான் என்றார் டக்ளஸ். 1973-ல் பர்பேங்க். சத்தத்தைக் கட்டுப்படுத்தும் அதிகாரம் நகரத்துக்கு இல்லை என்றார்.

மூன்றையும் வரிசையாக வெச்சுப் பாருங்க. பணம் கொடுக்கும் பொறுப்பு கீழே இறங்குது, முடிவு எடுக்கும் அதிகாரம் மேலே ஏறுது. கிரிக்ஸ் வழக்கிலேயே நீதிபதி பிளாக் இதைச் சுட்டிக்காட்டி எதிர்ப்புத் தீர்ப்பு எழுதினார். பறக்கும் விதிகளை மத்திய அரசு போடுது என்றால், எடுத்துக்கொண்டதும் மத்திய அரசுதான் என்பது அவர் வாதம். எனக்கு அதுதான் சரியாகப் படுது.

ஒரு சந்து மட்டும் திறந்திருந்தது. பர்பேங்க் தீர்ப்பின் 14-ஆவது அடிக்குறிப்பு, நகரமே நிலையத்தின் சொந்தக்காரராக இருந்தால் என்ன என்ற கேள்விக்குப் பதில் சொல்லாமல் விட்டது. 1978-ல் பர்பேங்க், கிளெண்டேல், பாசடீனா மூன்று நகரங்களும் சேர்ந்து அமைத்த ஆணையம் லாக்ஹீடிடமிருந்து நிலையத்தை வாங்கியது. இனி தங்களால் தடை போட முடியும் என்று அங்கே இருந்தவர்கள் நம்பியிருந்தால் அதில் தப்பு சொல்ல முடியாது.

தேதி செய்த வித்தியாசம்

1990-ல் அந்தச் சந்தும் அடைபட்டது. விமான நிலையச் சத்தம் மற்றும் கொள்ளளவுச் சட்டம் என்று ஒன்று, பட்ஜெட் மசோதாவோடு சேர்ந்து நிறைவேறியது. இதில் ஒரு கொடுக்கல் வாங்கல் இருந்தது. அதிகச் சத்தம் போடும் பழைய 'ஸ்டேஜ் 2' பெரிய ஜெட்டுகள் 1999 முடிவுக்குள் போகணும். பதிலுக்கு, புதிய 'ஸ்டேஜ் 3' விமானங்களுக்கு எந்த நிலையமும் எஃப்.ஏ.ஏ. அனுமதியோ விமான நிறுவனங்களின் சம்மதமோ இல்லாமல் புதுத் தடை போடக் கூடாது. முதல் பாதியால் உண்மையிலேயே நாடு முழுக்கச் சத்தம் குறைந்தது. இதைச் சொல்லாம விட்டா விமர்சனம் நேர்மையா இருக்காது.

ஆனால் 1990 அக்டோபர் 1-க்கு முன்பே நடைமுறையில் இருந்த தடைகளுக்கு விலக்கு உண்டு. அதே தெற்குக் கலிஃபோர்னியாவில் ஆரஞ்சு மாவட்டத்தின் ஜான் வேய்ன் நிலையத்தைப் பாருங்க. மாவட்ட நிர்வாகமும் நியூபோர்ட் பீச் நகரமும் இரண்டு குடியிருப்போர் அமைப்புகளும் 1985-லேயே நீதிமன்றத்தில் ஒரு சமரசம் செய்திருந்தாங்க. அதனால் இன்றைக்கும் அங்கே பயணிகள் விமானம் இரவு 10-க்கு மேல் கிளம்பாது, 11-க்கு மேல் இறங்காது. காலை 7 வரை, ஞாயிறு என்றால் 8 வரை. ஆண்டுப் பயணிகள் எண்ணிக்கைக்கும் உச்சவரம்பு உண்டு. கிளம்பிச் சில நூறு அடி போனதும் எஞ்சின் வேகத்தைக் குறைப்பாங்க. அங்கே பறந்தவங்களுக்கு அந்த வயிற்றைப் பிசையும் நொடி ஞாபகம் இருக்கும்.

வான்வெளி இதனால் நொறுங்கிப்போகவில்லை. 1973-இன் பெருக்கல் பயமுறுத்தியது போல எதுவும் நடக்காமல், ஒரு பரபரப்பான நிலையம் நாற்பது வருஷமா இரவுத் தடையோடு ஓடிட்டு இருக்கு.

பர்பேங்கில்? பயணிகள் விமான நிறுவனங்கள் தாமாகவே இரவு 10 முதல் காலை 7 வரை அட்டவணை போடாமல் இருக்க ஒப்புக்கொண்டன. சரக்கு விமானமும் தனியார் ஜெட்டும் அந்த ஏற்பாட்டில் இல்லை. எல்லாருக்கும் பொருந்தும் கட்டாயத் தடை வேண்டும் என்று ஆணையம் 2000-ல் 'பாகம் 161' விதிப்படி ஆய்வைத் தொடங்கியது. ஏறக்குறைய ஒன்பது வருஷம், சுமார் 70 லட்சம் டாலர். 2009 அக்டோபர் கடைசியில் எஃப்.ஏ.ஏ. நிராகரித்தது. காரணங்கள் பழகியவைதான். விமானங்கள் பக்கத்து நிலையங்களுக்கு நகரும், நெரிசல் கூடும், சத்தத்துக்கு வேறு வழி இருக்கு.

வேறு வழி என்றால் முக்கியமா வீடுகளுக்குச் சத்தத் தடுப்பு ஜன்னல் போடுவது. எல்லைக்கோட்டுக்குள் இருக்கும் வீடுகளுக்கு மட்டும். அந்த ஜன்னல் மூடியிருந்தால்தான் வேலை செய்யும். சான் ஃபெர்னாண்டோ பள்ளத்தாக்கின் கோடை வெயில் தெரிந்தவர்களுக்கு இதற்கு மேல் விளக்க வேண்டாம்.

என்ன செய்யலாம்

ஃபுளோரிடாவின் நேப்பிள்ஸ் ஒரு சின்ன நம்பிக்கை தருது. அந்த நிலைய ஆணையம் 65-ஐ விட்டுவிட்டு 60-ஐ எல்லையாக எடுத்து, சிறிய ஸ்டேஜ் 2 ஜெட்டுகளைத் தடை செய்தது. எஃப்.ஏ.ஏ. மானியத்தை நிறுத்திப் பார்த்தது. 2005-ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் நேப்பிள்ஸ் பக்கம் நின்றது. பத்து வருஷம் கழிச்சு அதே வகை விமானங்கள் நாடு முழுக்கவே நிறுத்தப்பட்டன. ஆனால் அது பழைய ஸ்டேஜ் 2 விமானங்களுக்கு மட்டும். பர்பேங்கின் இரவுக்கு அந்தக் கதவு உதவாது.

ஊருக்கு ஒரு விதி வேண்டும் என்று நான் வாதாட வரவில்லை. அளவுகோல் இரண்டு பக்கமும் ஒன்றாக இருக்கட்டும் என்கிறேன். தடையால் எத்தனை விமானம் உண்மையில் பாதிக்கப்படும் என்று எண்ணுங்கள். சத்தத்தால் ஓர் இரவில் எத்தனை பேர் எத்தனை முறை விழிக்கிறார்கள் என்றும் எண்ணுங்கள். இரண்டையும் அருகருகே வைத்து முடிவு எடுங்கள். அனுமதி மறுக்கும் அதிகாரம் மேலே இருந்தால், மறுத்ததற்கான இழப்பீடும் மேலிருந்து வரட்டும். பிளாக் 1962-லேயே சொன்னது இதற்கு ரொம்ப தூரத்தில் இல்லை.

1970-ல் அந்த நகர மன்றம் கேட்டது ஞாயிறு இரவு ஒரே ஒரு பயணிகள் விமானத்தைக் கொஞ்சம் முன்னாடி கிளப்பச் சொல்லித்தான். அந்த விமானத்தை மட்டும் எடுத்து, அதனால் எத்தனை பயணிகளுக்கு எவ்வளவு சிரமம், எத்தனை வீட்டில் தூக்கம் போச்சு என்று யாராவது எண்ணியிருந்தால், முடிவு எதுவாக இருந்தாலும் தோற்றவர்களுக்கு ஏன் தோற்றோம் என்றாவது புரிந்திருக்கும்.