டப்பா பீச்சின் வாசனை

எமி போலர் இயக்கி 2019இல் நெட்ஃப்ளிக்ஸில் வெளியான ‘வைன் கன்ட்ரி’ படத்தில், வைன் சுவைக்கும் கூடத்தில் ஒரு காட்சி. கோப்பையை முகர்ந்து என்ன வாசனை வருகிறதென்று சொல்லுங்கள், இதில் தப்பான பதிலே கிடையாது என்கிறார் ஊற்றித் தருபவர். டப்பாவில் அடைத்த பீச் பழம் என்கிறாள் ஒருத்தி. அது மட்டும் தப்பாம். சிரித்துவிட்டுக் கடந்துபோகிறோம்.

ஆனால் அவள் சொன்னது தப்பே இல்லை. டேவிஸ் நகரிலுள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் வைன் துறையில் 1974இல் சேர்ந்த முதல் பெண் பேராசிரியர் ஆன் நோபிள். அதுவரை வைனைப் பேசிய மொழி எப்படிப்பட்டது? துவர்ப்பும் திடமும் மிகுந்த சிவப்பு வைனுக்கு ‘ஆண்மை’, மென்மையானதற்குப் ‘பெண்மை’. அதை வைத்து யாரும் எதையும் முகர்ந்து பார்க்க முடியாது. நோபிள் 1980களில் உருவாக்கிய வாசனைச் சக்கரத்தில் மிளகு இருக்கிறது, பழ ஜாம் இருக்கிறது, டப்பாவில் அடைத்த ஆஸ்பராகஸ்கூட இருக்கிறது. அடுப்படி அலமாரியிலிருந்தே வாசனை பழகலாம் என்பதுதான் அந்த முறை. படத்தை எழுதிய பெண்களுக்கு இது தெரிந்திருந்தால் அந்த நகைச்சுவை யார் பக்கம் திரும்பியிருக்கும்!

ரெபெக்காவின் ஐம்பதாவது பிறந்தநாளுக்காக நாபா பள்ளத்தாக்குக்கு வரும் ஆறு சிநேகிதிகளின் கதை இது. இளமையில் சிகாகோவில் ஒரே பீட்சா கடையில் வேலை பார்த்தவர்கள். ஒருத்தி வேலை போனதை மறைக்கிறாள். இன்னொருத்தி மருத்துவப் பரிசோதனை முடிவைக் கேட்கப் பயந்து தொலைபேசியைத் தவிர்க்கிறாள். இந்தப் பயங்கள் மெல்ல வெளியே வரும் இடங்களில் படம் உண்மையாக இருக்கிறது. மூத்த பெண்களின் நட்பை இவ்வளவு உரிமையோடு, கேலியும் கோபமுமாகக் காட்டும் படங்கள் குறைவு.

குறை வேறிடத்தில். இந்தப் பெண்களுக்கு வைன் வாயைத் திறக்க உதவும் சாவி மட்டும்தான். நாபாவின் பெயரைத் தாங்கி நிற்பது கேபர்னே சாவின்யோன். அதன் துவர்ப்பு நாக்கைப் பிடித்து இழுக்கும். பழையதாகிக் கெட்டிப்பட்ட சீஸ் ஒரு துண்டு வாயில் போட்டால், அதன் கொழுப்பிலும் புரதத்திலும் அந்தப் பிடி தளரும். இதைத் தோழிகளோடு உட்கார்ந்து, நீ எதைக் கண்டாய், நான் எதைக் கண்டேன் என்று பேசிக் கண்டுபிடிப்பது தனி இன்பம். அப்படி நின்று ரசிக்கப் படம் அவர்களுக்கு நேரமே தரவில்லை.

அலெக்சாண்டர் பெய்னின் ‘சைட்வேஸ்’ (2004) அந்த நேரத்தை ஓர் ஆணுக்குத் தாராளமாகத் தருகிறது. மைல்ஸ் முகரலாம், தீர்ப்புச் சொல்லலாம், மெர்லோவைத் திட்டலாம். ஆனால் பொக்கிஷமாக வைத்திருந்த 1961ஆம் வருட ஷெவால் பிளாங்கை துரித உணவுக் கடையில் தனியாக, சாதாரணக் கோப்பையில் குடிக்கிறான். ரசனை உண்டு, பகிர ஆளில்லை. அந்தப் படத்திலும் வைனைப் பற்றிய மிக ஆழமான பேச்சு மாயாவுடையது. உணவகத்தில் பரிமாறிக்கொண்டே தோட்டக்கலை படிப்பவள். திராட்சையைப் பேணிப் பறித்தவர்களை நினைக்கிறாள். வைன் பழையதென்றால் அவர்களில் எத்தனை பேர் இறந்திருப்பார்கள் என்று யோசிக்கிறாள். என்ன பயன்? காட்சி அந்தப் பேச்சை மைல்ஸின் காதலுக்கான தூண்டுதலாக்கிவிடுகிறது.

மாயாவின் கேள்வி பழைய வைனுக்கு மட்டுமானதல்ல. 2008 மே மாதம், கலிஃபோர்னியாவின் இன்னொரு பகுதியில், கடும் வெயிலில் திராட்சைத் தோட்டத்தில் வேலை செய்த 17 வயதுப் பெண் மயங்கி விழுந்தாள். மெக்சிகோவிலிருந்து பிழைக்க வந்தவள், கர்ப்பிணி. இரண்டு நாள் கழித்து இறந்தாள். ‘வைன் கன்ட்ரி’யில் கொடிகள் அழகாக வரிசை கட்டி நிற்கின்றன. அவற்றைக் கவாத்து செய்த பெண் எந்தச் சட்டகத்திலும் இல்லை.