நிலையம், வீடு, அத்துமீறல்

பழைய ரயில் நிலையம் வீடாவது பற்றி எழுதப்படுபவை பெரும்பாலும் ரசனைப் பிரதிகள். 1963இல் பீச்சிங் அறிக்கை பிரிட்டனில் 2,363 நிலையங்களை மூடச் சொன்னது. மூடப்பட்டவற்றில் பல விற்கப்பட்டு வீடுகளாயின. நடைமேடையில் ரோஜாச் செடி, டிக்கெட் கவுண்டர் இருந்த இடத்தில் அடுப்படி. வாங்கியவருக்கு 'மரபைக் காத்தவர்' என்ற பெயரும் கூடவே கிடைத்துவிடுகிறது. சரி, இருக்கட்டும்.

இதே காரியம் யாழ்ப்பாணத்திலும் நடந்தது. 1905இல் காங்கேசன்துறை வரை முழுமையடைந்த வடக்குப் பாதையில், 1990 ஜூனோடு குடாநாட்டுக்கு ரயில் நின்றுபோனது. தண்டவாளமும் சிலிப்பர் கட்டையும் பதுங்குகுழிகளுக்குப் போயின. போரில் இடம்பெயர்ந்த குடும்பங்கள் கைவிடப்பட்ட நிலையக் கட்டடங்களிலும் ரயில்வே காணிகளிலும் குடியேறின. இவர்களுக்கு அதிகாரத்தின் சொல்லாடல் வைத்த பெயர் 'அத்துமீறிக் குடியேறியவர்கள்'.

பத்திரம் இருந்தால் மரபு, இல்லையென்றால் அத்துமீறலா? விஷயம் இத்தோடு முடியவில்லை. வலிகாமம் வடக்கிலிருந்து இடம்பெயர்ந்தவர்களின் சொந்தக் காணிகள் ராணுவத்தின் உயர்பாதுகாப்பு வலயத்துக்குள் கிடந்தன. அவர்களது முற்றத்தில் முகாம் போட்ட அரசுதான், ரயில் வராத நிலையத்தில் அவர்கள் உலை வைத்ததை அத்துமீறல் என்கிறது. யார் யாருடைய நிலத்தில் அத்துமீறினார்கள்?

அப்படியானால் ரயிலே வரக்கூடாதா என்று கேட்பீர்கள். வரத்தான் வேண்டும். இந்தியக் கடனில் இர்கான் நிறுவனம் பாதை போட்டது. 2014 அக்டோபர் 13 அன்று யாழ்ப்பாணத்துக்கு மறுபடி ரயில் வந்தது. ஊர் சந்தோஷப்பட்டதில் தப்பில்லை. என் பிரச்சினை, இந்த வரலாறு எழுதப்படும் விதம். 1905 நிறைவு, 1990 நிறுத்தம், 2014 மீள்திறப்பு. நடுவில் 24 ஆண்டுகள் வெற்றிடமாக விடப்படுகின்றன. ரயிலுக்கு அது வெற்றிடம்; அங்கே பிள்ளை பெற்று, பள்ளிக்கு அனுப்பி, சாவு எடுத்தவர்களுக்கு அதுதான் வாழ்க்கை. நிலையத்தின் வரலாற்றை ரயிலை மட்டும் வைத்து எழுதுகிறபோது, வெளியேறியவர்கள் அங்கே இருந்ததும் அழிந்துபோகிறது.

ரயில் பாதையே இல்லாத படப்பையில் இருந்துகொண்டு இதை ஏன் எழுதணும்? ஒரகடம் ஆலைகளுக்கு வடக்கிலிருந்து வந்தவர்கள் இங்கே லைன் வீடுகளில் வருஷக்கணக்காய் வாடகை கொடுத்து இருக்கிறார்கள். அவர்களை நம்மாட்கள் 'தங்கியிருக்கிறவங்க' என்றுதான் சொல்கிறோம். 'குடியிருக்கிறவங்க' என்று வாய் வருவதில்லை. குடி என்ற சொல்லை யாருக்குக் கொடுப்பது என்பதை அரசு மட்டும் தீர்மானிப்பதில்லை.